வியாழக்கிழமை மாத்திரை

என் மனைவியைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டவன் நான்தான். அங்கிருந்து திருப்பி அழைத்து வந்தவர் ஒரு நர்ஸ். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு எது, எங்கே, எப்படிப் பழுதானது என்று வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். அப்படியே சொல்கிறேன்.

என் மனைவி பியூட்டி பார்லர் நடத்துகிறாள். வீட்டுக்குக் கீழேயே கடை. இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி. ஒரு நாற்காலி அவளுடையது, இன்னொன்று என் அக்காவுடையது. அத்தான் இறந்த பிறகு அக்கா எங்களோடு வந்துவிட்டாள். என் மனைவி அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். அக்காவிடம் முடிவெட்ட வருகிறவர்கள் தலைப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தெருக்கதையைச் சுமந்துகொண்டு போவார்கள். என் மனைவி நேர் எதிர். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டால் பேசமாட்டாள். அவள் வெட்டும்போது கிர்க் கிர்க் என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்கும். மாடியில் இருந்துகொண்டே கடையில் வேலை நடக்கிறதா இல்லையா என்று என்னால் சொல்லிவிட முடியும்.

அவளுடைய முப்பத்தொன்பதாவது வயதில் அந்தத் தாளம் தப்ப ஆரம்பித்தது.

காலையில் எழுந்தால் பல் துலக்கும் பிரஷைப் பிடிக்க முடியவில்லை என்றாள். விரல் மூட்டுகள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது. ஆனால் பத்து மணி தாண்டினால் கை இளகிவிடும். மத்தியானம் அவள் வேலை செய்வதைப் பார்த்தால் இவளுக்கா வலி என்று தோன்றும். அதுதான் எங்களை ஏமாற்றியது. காலையில் அழுகிறவள் மத்தியானம் சிரித்துக்கொண்டு முடிவெட்டினால் வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

"முடி வெட்டி வெட்டி கை தேஞ்சு போச்சு, வேற என்ன?" என்றாள் அக்கா.

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நாள் முழுக்க ஓடுகிற சாமான் தேயத்தானே செய்யும்? வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். தைலம் வாங்கிக் கொடுத்தேன். "கொஞ்சம் மனசைத் தேத்திக்கம்மா" என்று அறிவுரையும் கொடுத்தேன். இப்படியே ஏழு மாதம் போய்விட்டது. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒருநாள் காலை ஒரு டீச்சருக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் நழுவிக் காதோரம் கீறிவிட்டது. சின்னக் காயம்தான். அந்த டீச்சரே "பரவாயில்லம்மா, விடுங்க" என்றுவிட்டார். ஆனால் என் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "இனிமே என் கைய நானே நம்ப முடியாதுங்க" என்றாள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு சிறிய அறையில் ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேசைமேல் ஒரு நோட்டு, ஒரு பேனா. பக்கத்தில் மெத்தை வைத்த சின்னப் பலகை. நோயாளி கையை வைத்துக்கொள்வதற்காம். மூட்டு நோய்ப் பிரிவு முழுவதும் அவரைக் 'கேள்வி சிஸ்டர்' என்றுதான் சொல்கிறது என்று பிறகு தெரிந்தது.

என் மனைவியின் கையை அவர் பிடித்த விதத்தை நான் கவனித்தேன். விரலைத் தொடவே இல்லை. தன் உள்ளங்கையை அடியில் கொடுத்து, பறவைக் குஞ்சை ஏந்துவதுபோல ஏந்திப் பலகைமேல் வைத்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார்.

"காலைல எத்தன மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"ஆறு மணி சிஸ்டர்."

"விரல முழுசா மடக்க முடியும்போது மணி எத்தன ஆகியிருக்கும்?"

அவள் யோசித்தாள். "ஒம்பதர... சில நாள் பத்துக்கு மேலயும் ஆயிடும்."

"அதுவரைக்கும் சட்ட பட்டன் எல்லாம் யாரு போட்டு விடுவாங்க?"

அவள் என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். "பட்டன் வெச்ச துணியையே இப்பல்லாம் நான் போடறதில்ல சிஸ்டர்."

எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அவள் பட்டன் வைத்த உடுப்புகளை எல்லாம் பீரோவின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டது எனக்குத் தெரியாது.

"குளிச்சு முடிச்சதும் எப்படி இருக்கும்?"

"அப்பவே ஒரு நாள் வேலைய முடிச்ச மாதிரி இருக்கும். திரும்பப் போய்ப் படுத்துக்கலாம்னு தோணும். ஆனா படுத்தா சோம்பேறிம்பாங்களே."

"யாரு சொன்னாங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சிஸ்டர், இது தேய்மானம்தானே?" என்று கேட்டு வைத்தேன். ஏதாவது பேச வேண்டுமே.

"தேய்மானம் இல்ல சார். தேய்மானமா இருந்தா வேல செய்யச் செய்ய வலி ஏறும். இவங்களுக்கு ஓய்வுல இருந்து எழுந்தாத்தான் பூட்டிக்குது. ரெண்டு கைலயும் ஒண்ணாவே வருது. நம்ம உடம்புல கிருமிய அடிக்கறதுக்குன்னு ஒரு காவல் இருக்கு இல்லையா? அது ஆள் தெரியாம சொந்த மூட்டையே அடிக்குது. அதனாலதான் வீக்கம், அசதி, லேசான காய்ச்சல் எல்லாம். இவங்க சோம்பேறியும் இல்ல, மனசு சரியில்லாதவங்களும் இல்ல."

கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளைப் பார்த்துத்தான் சொன்னார். ஏழு மாதமாக நாங்கள் யாரும் சொல்லாததை ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காகவே அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதம் என்று உறுதியானது. டாக்டர் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை எழுதினார். அது வாரத்துக்கு ஒன்றே ஒன்று. மற்ற ஆறு நாளும் ஃபோலிக் ஆசிட் என்ற சத்து மாத்திரை, தினம் ஒன்று. 'எந்தக் கிழமை?' என்று சிஸ்டர் கேட்டதும், "வியாழன்" என்றாள். அன்றுதான் பார்லருக்கு விடுமுறை. சிஸ்டர் சீட்டின் மேலே கொட்டை எழுத்தில் 'வியாழன் மட்டும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "இந்த மாத்திர நல்லது. ஆனா தினமும் போட்டுட்டா விஷம்" என்றார். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

அடுத்த நான்கு மாதம் நன்றாகப் போனது. மருந்து வேலை செய்ய மூன்று மாதமாவது ஆகும் என்று சிஸ்டர் முதலிலேயே சொல்லியிருந்ததால் அவள் பதறவில்லை. அதுவரைக்கும் கையைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். பாட்டில் மூடியை விரலால் திருகாமல் உள்ளங்கையால் அழுத்தித் திறப்பது. பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுவது. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து மெல்ல மூடித் திறப்பது. வீங்கியிருக்கும்போது ஓய்வு, வீக்கம் வடிந்தபின் பயிற்சி. சீப்பின் பிடிக்கும் பிரஷின் பிடிக்கும் இறுக்கிப் பிடிக்காமலே கையில் நிற்கும்படி நான் பஞ்சுக்குழாய் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தேன். அது ஒன்றுதான் என் தொழிலுக்குப் பக்கத்தில் வந்த வேலை. அக்கா மட்டும், "ஒரு வாரத்துக்கு ஒரு மாத்திர சாப்பிட்டா எந்த வியாதி போகும்? கோழிக்குக் கூட தினம் ரெண்டு வேள தீனி வெக்கணும்" என்று நொடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மாத்திரை அட்டையின் ஈயத்தாளை அழுத்தி உடைக்க அவள் விரலுக்குத் தெம்பில்லை. பல்லால் கிழித்துப் பார்ப்பாள், கத்தரியால் வெட்டுவாள், மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடும். நான் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை நானே எல்லாவற்றையும் உடைத்து, கிழமைவாரியாகப் போட்டு வைத்துவிடுவது. அவள் மூடியை நெம்பினால் போதும். அக்கறையான கணவன் என்று அக்காவே பாராட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக வாங்கிய இரண்டு அட்டைகளையும் உடைத்தேன். இரண்டிலும் பத்துப் பத்து. இரண்டும் ஒரே மாதிரிச் சின்ன மஞ்சள் மாத்திரை. இரண்டு சிறிய கிண்ணங்களில் கொட்டினேன். காலி அட்டைகளைக் குப்பைக்கூடையில் போட்டேன். அப்போது போன் வந்தது. ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். போட்டது போட்டபடி ஓடினேன். அவர்களை இறக்கிவிட்டு வீடு திரும்பி, கை கழுவி, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன்.

இடைப்பட்ட நேரத்தில் அக்கா மேசையைத் துடைத்திருக்கிறாள். கிண்ணங்களை எடுத்து, இடம் மாற்றித் திரும்ப வைத்திருக்கிறாள். அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. மெஷின் ரூமில் ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டு ஒட்டுகிறவன், பெஞ்சாதி முழுங்குகிற மாத்திரைக் கிண்ணத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டவில்லை. தினசரி மாத்திரை என்று நினைத்து, ஆறு அறையிலும் வியாழக்கிழமை மாத்திரையைப் போட்டேன். வியாழன் அறையில் மற்றதை.

அடுத்த ஞாயிறும் அதே கிண்ணத்திலிருந்து மீதி நான்கையும் போட்டேன். தினசரி மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று டைரியில் வேறு குறித்துக்கொண்டேன்.

அதற்குள் அவளுக்கு வாய் புண்ணாக ஆரம்பித்திருந்தது. சூடு என்று நினைத்தோம். டீ எரிகிறது என்று நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை காலை உடம்பு கொதித்தது. "பருவம் மாறுது இல்ல, எல்லாருக்கும்தான் காய்ச்சல்" என்றாள் அக்கா. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு அவள் போன் அடித்தது. கேள்வி சிஸ்டர். மாதாமாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு நாள் சொல்லக் கூப்பிட்டிருந்தார். என் மனைவி ஒலிபெருக்கியில் போட்டாள், போனைக் காதோடு பிடிக்கக் கை வலிக்கும் என்பதால். அதனால்தான் நானும் கேட்டேன்.

"வெள்ளிக்கிழம வந்துருங்க. சரியா?"

"சரி சிஸ்டர்."

வைத்திருக்கலாம். நாற்பது பேருக்குப் போன் பண்ண வேண்டியவர். ஆனால் வைக்கவில்லை.

"ஏன் பேச்சு ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர், வாய்ப்புண்ணு."

"ஒரு புண்ணா, நெறையவா?"

"உள்ள பூரா. முழுங்கவே முடியல."

"காய்ச்சல் இருக்கா?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து."

சிஸ்டரின் குரல் மாறியது. உயரவில்லை, தாழ்ந்தது. "மாத்திரய யாரு எடுத்துக் குடுக்கறாங்க?"

"அவருதான். டப்பால போட்டு வெச்சிருக்காரு."

"அவர் பக்கத்துல இருக்காரா? சார், அந்த டப்பாவ அப்படியே எடுத்துக்கிட்டு இவங்களக் கூட்டிட்டு நேரா அவசரப் பிரிவுக்கு வாங்க. இன்னிக்கு மாத்திர போட வேண்டாம்."

"இன்னிக்குது போட்டாச்சு சிஸ்டர்."

"சரி. இப்பவே கெளம்புங்க. நான் கீழ வந்து நிக்கறேன்."

டப்பாவை எடுத்தேன், கிண்ணங்களை எடுத்தேன். வண்டியில் போகும்போதே அவர் ஏன் டப்பாவைக் கேட்டார் என்று அரைவாசி புரிந்துவிட்டது. மீதி அரைவாசியைப் புரிந்துகொள்ளத் தைரியம் வரவில்லை.

சொன்னபடியே வாசலில் நின்றார். என் மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு, டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திறந்தார். ஒரு மாத்திரையை எடுத்து மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததையும் எடுத்துப் பார்த்தார். ஒன்றின் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு இருந்தது. மற்றதில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"மாறிப் போச்சு சார்" என்றார்.

"நான்தான் சிஸ்டர் போட்டேன். என் கையாலதான் போட்டேன். என்னத் திட்டுங்க."

"திட்டறதுக்கு இப்ப நேரம் இல்ல. எந்தக் கிழமைலேர்ந்துன்னு சொல்லுங்க."

அந்த ஒரு கேள்வி என்னை நிமிர்த்தி வைத்தது. வரிசையாகச் சொல்லத் தெரிந்தவன்தானே நான்? போன வாரத் திங்கள், செவ்வாய், புதன். வியாழன் இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு. நேற்று, இன்று. மொத்தம் எட்டு. ஒன்பது நாளில் எட்டு. எத்தனை மணிக்கு என்றுகூடச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வேகமாக நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். டாக்டரிடம் அந்தக் கணக்கு அப்படியே போய்ச் சேர்ந்தது. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் அந்த மாத்திரையின் விஷத்தை முறிக்கும் மருந்தை ஊசியில் தொடங்கிவிட்டார்கள்.

முடிவு வந்தபோது ரத்த வெள்ளையணுக்கள் பாதாளத்துக்குப் போயிருந்தன. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தனி அறையில் பதினோரு நாள் இருந்தாள். உள்ளே போகிறவர்கள் முகக்கவசம் போட்டு, கை கழுவித்தான் போக வேண்டும். நர்சுகள் இரண்டு மணிக்கொரு தடவை வந்து, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வாயைத் துடைத்தார்கள், உதட்டில் களிம்பு தடவினார்கள். முதுகுக்குத் தலையணை, முழங்கைக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று.

மருந்தை நிறுத்தியதால் மூட்டுகள் மறுபடி வீங்கின. ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஒரு வார்டு நர்ஸ் வந்து, "எழுந்திருங்கம்மா, குளிக்கணும்" என்று கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்திருக்கிறார். என் மனைவி போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டதாம். அதைக் கேள்விப்பட்ட கேள்வி சிஸ்டர், வார்டிலேயே ஒரு தாள் வாங்கித் தன் கையால் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினார்:

'இவர் காலையில் சோம்பேறி அல்ல. பத்து மணிக்கு மேல் குளியல். விரலைப் பிடித்துத் தூக்காதீர்கள். முழங்கைக்கு அடியில் தாங்குங்கள். அழைப்பு மணியை அழுத்த முடியாது. உள்ளங்கைக்கு எட்டும்படி வைக்கவும்.'

அந்தத் தாளுக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டேன். அடுத்த நாளிலிருந்து அதே வார்டு நர்ஸ் காலையில் வந்து, வெந்நீர்த் துண்டைக் கையில் சுற்றிவிட்டு, "பத்து மணிக்கு வரேன் மகாராணி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள்தான் சொன்னேன். கட்டில் ஓரத்தில் நின்று, எல்லாவற்றையும், கிண்ணம் மாறியது வரைக்கும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு புண்ணான வாயைச் சிரமப்பட்டுத் திறந்தாள்.

"திட்டலாம்னா வாய் இல்ல. அடிக்கலாம்னா கை இல்ல. தப்பிச்சீங்க."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் புறங்கையால் என் கையைத் தள்ளினாள். "நானும் பாத்துத்தான முழுங்கினேன். மூஞ்சிய இப்படி வெச்சுக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு முடியவில்லை. முடக்குவாதம் அப்படியேதான் இருந்தது. அதற்கு மருந்து வேண்டும். அணுக்கள் எல்லாம் சரியான பிறகு அதே மருந்தை மறுபடி தொடங்கலாம், ஆனால் இந்த முறை மாத்திரை வேண்டாம், வாரம் ஒரு ஊசியாகப் போடலாம் என்றார் டாக்டர். ஊசியென்றால் தினம் போட்டுவிடும் பேச்சுக்கே இடமில்லை. என் மனைவி நெடுநேரம் யோசித்தாள். பயமாக இருக்கிறது என்றாள். சிஸ்டர், பயம் நியாயம்தான் என்றார். பயப்படாதே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இனிமேல் என்னென்ன பார்ப்போம், எத்தனை நாளைக்கு ஒருமுறை ரத்தம் எடுப்போம், எந்த அறிகுறி வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் அவளே, "போட்டுக்கறேன்" என்றாள்.

"அப்ப வீட்டுல யாரு போடறது?" என்று கேட்டேன். அவளால் ஊசியைப் பிடிக்க முடியாது.

"நீங்கதான்" என்றார் சிஸ்டர்.

"நானா? என்ன நம்பியா?"

"ஆமா."

"வேணாம் சிஸ்டர். அக்காவுக்குச் சொல்லிக் குடுங்க. இல்லன்னா வாராவாரம் இங்க கூட்டிட்டு வரேன். நான் பண்ணது பத்தாதா?"

அவர் நோட்டை மூடிவைத்தார். "சார், இந்தப் பிரிவுல பத்தொம்பது வருஷமா இருக்கேன். மாத்திர மாறினவங்க நீங்க மட்டும் இல்ல. ஆனா எந்த நாள், எத்தன மணின்னு ஒரு இடத்துலயும் தடுமாறாம சொன்னது நீங்க மட்டும்தான். அதனாலதான் மருந்து அவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்க முடிஞ்சுது. இனிமே உங்கள விட ஜாக்கிரதையான ஆள் இந்த ஆஸ்பத்திரியிலயே கெடயாது."

என்னைக் கட்டிப்போட்டிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்த மாதிரி இருந்தது.

பஞ்சு மெத்தைத் துண்டில் பத்து தடவை குத்திப் பழகினேன். அடுத்த வியாழக்கிழமை அவர் முன்னாலேயே அவளுக்குப் போட்டேன். தொப்புளிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, சதையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்தேன். கை நடுங்கியது.

"லிஃப்ட் கயிறு மாத்தும்போது இப்படித்தான் நடுங்குமா?" என்றார் சிஸ்டர்.

"அது இரும்பு சிஸ்டர்."

"இவங்க இரும்பையே தின்னு செரிச்சவங்க. போடுங்க."

"சிரிக்க வெக்காதீங்க, வயிறு ஆடுது" என்றாள் அவள். போட்டு முடித்தேன். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துது" என்று அவள் சொன்னபோது, ஊசியைக் குப்பியில் போட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நோய் போய்விடவில்லை. அது போகாது, அடங்கிக் கிடக்கும் என்று சிஸ்டர் சொன்னபடி அடங்கிக் கிடக்கிறது. சில வாரம் தலைதூக்கும். அப்போது அக்கா இரண்டு நாற்காலியையும் பார்த்துக்கொள்வாள். பார்லர் இப்போது பதினொரு மணிக்குத்தான் திறக்கிறது. சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என் மனைவி வெட்டுகிறாள். ஒருவருக்கு முடித்தால் கால்மணி நேரம் ஓய்வு. வாடிக்கைக்காரர்கள் யாரும் நின்றுவிடவில்லை. காதில் கீறல் பட்ட அந்த டீச்சர்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியிலும் ஒன்று மாறியது. இந்த மாத்திரையை இப்போது தனி நிற உறையில், கிழமையை மேலே பெரிதாக எழுதித்தான் கொடுக்கிறார்கள். சிஸ்டர் ஆறு மாதம் ஒற்றைக்காலில் நின்று சாதித்தது அது. மாதம் ஒருமுறை புதிதாக வருகிற குடும்பத்தாருக்கு வகுப்பு எடுக்கிறார். ஒருமுறை என்னையும் வரச்சொன்னார். நாலு பேர் முன்னால் பேசியவனில்லை நான். எழுந்து நின்று, "ரெண்டு மாத்திரயும் மாறிப்போட்டது நான்தான்" என்று ஆரம்பித்தேன். அட்டையிலிருந்து மாத்திரையை உடைத்தால் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள் என்றேன். போன் வந்தால் பாதியில் விடாதீர்கள், விட்டால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். உட்கார்ந்த பிறகு, தாயாரோடு வந்திருந்த ஒரு தபால்காரர் என் அருகில் வந்து தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "சரியா இருக்கான்னு ஒரு தரம் பாக்கறீங்களா?" என்றார். சிஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சரியாகத்தான் இருந்தது.

அவருக்கு நன்றி சொல்ல நானும் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். ஒருமுறை பழக்கூடை கொண்டுபோனேன். வார்டுக்கு அனுப்பிவிட்டார். ஒருமுறை வார்த்தையாகவே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சரி சார், அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்றுவிட்டார்.

போன மாதம் ஒருநாள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது, கடை வாசலில் அக்கா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா பேசாமல் நிற்பதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"உஷ். மெதுவா. உள்ள சிஸ்டர் வந்திருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். டியூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போடும் அதே செருப்பு, அதே பை. முடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டச் சொல்லி உட்கார்ந்தவர், தலையில் தண்ணீர் தெளித்துச் சீவ ஆரம்பித்ததுமே அப்படியே தூங்கிவிட்டாராம். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. என் மனைவி கழுத்துக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டிக் கொடுத்திருந்தாள். காலுக்கு ஒரு முக்காலியை நகர்த்தி வைத்திருந்தாள். தலை அசையாதபடி, ஒரு நேரத்துக்கு ஒரு கொத்தாக எடுத்து, மெல்ல வெட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே கத்தரிக்கோலை மடியில் வைத்துவிட்டு விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டாள். அடுத்து வந்த இரண்டு பேரை அக்கா வாசலிலேயே நிறுத்தி, "அரமணி கழிச்சு வாங்கம்மா" என்று கிசுகிசுத்து அனுப்பினாள்.

நான் சாப்பிடப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். தெருவில் ஒருவர் வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய், கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய்க் கிளப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் தள்ளிக்கொண்டு போனார்.

முக்கால் மணி நேரம் கழித்துச் சிஸ்டர் கண்விழித்தார். கண்ணாடியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பதறி எழப் போனார்.

"ஐயோ, இவ்வளவு நேரமாவா தூங்கிட்டேன்? எழுப்பியிருக்கலாமே!"

"இப்பதான் முடிஞ்சுது சிஸ்டர்" என்று என் மனைவி துளிக்கூடக் கூசாமல் பொய் சொன்னாள். பிறகு மென்மையான பிரஷை எடுத்து, அவர் பிடரியில் ஒட்டியிருந்த முடித்துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். "கொஞ்சம் அப்படியே உக்காந்திருங்க. அண்ணி டீ போடப் போயிருக்காங்க."

சிஸ்டர் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார்.